பழைய ரயில் மேட்டில் நடை, சைக்கிள் பாதை போட

மொரப்பூர்–தருமபுரி இடையே 1906-ல் ஓடத் தொடங்கிய சின்ன ரயிலின் தண்டவாளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெயர்க்கப்பட்டது. தண்டவாளம் கிடந்த மண்மேடு மிச்சமிருக்கும் இடத்தில் பாதை போடுமுன் வி.ஏ.ஓ.விடம் புலப்படமும் (நில அளவை வரைபடம்) 'அ' பதிவேடும் (நிலம் யாருடையது என்று காட்டும் கிராமப் பதிவேடு) பாருங்கள். பட்டா நிலமானால் உரிமையாளர் சம்மதமின்றி மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குங்கள். வெட்டி விட்டால் மறுபடி தழைத்து டயரைக் குத்தும். 3 மீட்டர் அகலத்துக்கு 15 செ.மீ. கிராவல் பரப்பி ரோலர் ஓட்டுங்கள். மேலே 5 செ.மீ. கிரஷர் டஸ்ட் (ஜல்லி உடைக்கும்போது விழும் கல்தூள்). இதைத் தண்ணீர் தெளித்துத்தான் இறுக்க வேண்டும்: கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்கணும், உள்ளங்கை நனையக் கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு கட்டாயம், இல்லையென்றால் ஐப்பசி மழையில் நீர் தேங்கிச் சைக்கிள் தடம் பள்ளமாகிவிடும். சிறுபாலங்களின் அடைப்பை மழைக்கு முன்பே எடுங்கள். நீருக்கு வழியில்லாமல்தான் பெரும்பாலும் மேடு அறுத்துக்கொண்டு போகிறது.