நீந்தத் தெரிந்தால் மட்டும் போதாது: கடல் மீட்புப் பயிற்சிக்குப் போகிறவர்கள் விடும் தவறுகள்

திருகோணமலையில் கடல் மீட்புத் தொண்டராகச் சேர வருகிற இளைஞர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்கு நல்லா நீந்தத் தெரியும்." கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது பெரிய விஷயமில்லை. தவறும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. தாழ்கிறவர் கையில் அகப்பட்டதைப் பிடித்து மேலே ஏறத்தான் பார்ப்பார், அது காப்பாற்றப் போனவரின் கழுத்தாக இருந்தாலும் சரி. ஒருவரைத் தூக்கப் பாய்ந்து இரண்டு பேராகப் போன கதை இல்லாத கரையோர ஊர் குறைவு. அதனால்தான் உயிர்காப்புப் பயிற்சிகளில் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள்: முதலில் கரையில் நின்று எதையாவது நீட்டு, எட்டாவிட்டால் எறி, அதுவும் முடியாவிட்டால் படகில் போ, வேறு வழியே இல்லையென்றால்தான் நீந்து. நம் பிள்ளைகள் இதைக் கடைசியிலிருந்து படிக்க ஆசைப்படுகிறார்கள்.

நீச்சல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கும் அளவு இருக்கிறது. அவுஸ்திரேலியக் கடற்கரை உயிர்காப்பாளர்கள் எடுக்கும் வெண்கலப் பதக்கத் தகுதிக்கு 400 மீற்றரை 9 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். கடிகாரம் பிடித்து ஒருமுறை நீந்திப் பாருங்கள். "நல்லா நீந்துவேன்" என்பதற்கு என்ன பொருள் என்று அப்போது தெரியும்.

எறிவதை யாரும் ஒரு பாடமாகவே எடுப்பதில்லை. ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கானும் பதினைந்து இருபது மீற்றர் நைலோன் கயிறும் நம் படகுகளில் தேடினால் கிடைக்கும். வெறுங்கானை எறிந்தால் காற்று திருப்பிக் கொண்டுவந்துவிடும். கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடியை இறுக்கினால் போய் விழும், மிதக்கவும் செய்யும். ஆளைக் குறிவைத்து எறியக்கூடாது. தலைக்கு மேலால் அவரைத் தாண்டி எறிய வேண்டும், அப்போதுதான் கயிறு அவர் தோளில் விழும். கயிற்றின் மறுமுனை உங்கள் கையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், அவசரத்தில் முழுக் கயிறும் சேர்ந்து பறப்பது நடக்கிற காரியம்.

அடுத்தது காற்று. வாடைக் காலத்தில் கடல் கொந்தளிப்பது எல்லோருக்கும் தெரியும், அப்போது குளிக்க இறங்குகிறவர்களும் குறைவு. ஆபத்தைக் கணிக்கத் தவறுவது கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில்தான். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் அது தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரையருகே கடல் தட்டுப்போலக் கிடக்கும். காற்றடைத்த மெத்தையில் படுத்திருக்கும் பிள்ளை சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். உல்லாசப் பயணிகள் நிறைகிற பருவமும் அதுதான். பயிற்சியைக் காலை அமைதியில் மட்டும் வைத்துக்கொள்கிற குழு இதைப் பார்க்கவே போவதில்லை. பின்னேரம் காற்று ஏறின பிறகும் ஒருமுறை வைக்க வேண்டும்.

மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் படகு ஓட்டச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அது உண்மைதான், ஆனால் வலைக்குப் போவதும் தண்ணீரில் கிடக்கும் ஆளிடம் போவதும் ஒன்றல்ல. வேகமாகப் போய்ப் பக்கத்தில் திருப்பினால் எஞ்சின் விசிறி ஆளின் காலுக்கு நேரே வரும். காற்றை எதிர்த்து மெதுவாக அணுகி, ஆளைத் தொடுகிற தூரம் வந்ததும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். ஓட்டுகிறவர் விழுந்தால் எஞ்சினைத் தானாக நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு பல படகுகளில் எஞ்சினிலேயே சுற்றிக் கிடக்கிறது. அது ஓட்டுகிறவரின் காலிலோ லைஃப் ஜக்கெட்டிலோ இருக்க வேண்டியது. லைஃப் ஜக்கெட்டும் அப்படித்தான். பயணிக்குக் கொடுத்துவிட்டுத் தொண்டர் பெனியனோடு நிற்பதை வீரம் என்று நினைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

கடலுக்கு மட்டும் பழகுவதும் ஒரு தவறு. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தது ஆழ்கடலில் அல்ல, பாலம் கட்டும் காலத்தில் ஆட்கள் கடந்து போன களப்பில். அப்படியான இடத்தில் கரையில் கூட்டம் கூடும், எல்லோரும் தண்ணீரில் குதிப்பார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு தொண்டராவது குதிக்காமல் நின்று, தப்பியவர்களை ஓரிடத்தில் இருத்தி, பெயர் எழுதி, யார் இன்னும் வரவில்லை என்று கேட்க வேண்டும். எந்த வகுப்பிலும் யாரும் விரும்பிக் கேட்காத வேலை இது.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்ப்பது இன்னும் நடக்கிறது. எடுக்கக்கூடாது. வயிற்றில் உள்ளது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போகும், நேரமும் போகும். தொலைக்காட்சியில் பார்த்து நெஞ்சை மட்டும் அழுத்துவதும் இங்கே போதாது. நீரில் மூழ்கியவரின் இதயம் நிற்பது காற்று இல்லாமல்தான், ஆகவே மூச்சுக் கொடுப்பதுதான் முதல். ஐரோப்பிய வழிகாட்டலில் தொடக்கத்தில் 5 மூச்சு, அமெரிக்க முறையில் 2. அப்புறம் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவருக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம். இதை வாசித்துப் பழக முடியாது. செஞ்சிலுவைச் சங்கம் போன்றவற்றின் முதலுதவி வகுப்பில் பொம்மையில் கை வைத்துத்தான் பழக வேண்டும். ஆள் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் 1990 இலக்கத்தில் அம்புலன்சை அழைத்து வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். நுரையீரல் பாதிப்பு மணிக்கணக்கு கழித்தும் வரும்.

கைத்தொலைபேசியை மட்டும் நம்பிப் போவது அடுத்த பிழை. கடலில் சிக்னல் போகும், நனைந்தால் போனும் போகும். படகில் வைக்கும் வி.எச்.எப். ரேடியோவில் சனல் 16 அவசர அழைப்புக்கானது. இடத்தைச் சொல்வதையும் பழகுங்கள். போன் வரைபடம் அகலாங்கை 8.57 பாகை என்று காட்டும். ஒரு பாகைக்கு 60 கலை, ஆகவே அது 8 பாகை 34 கலை. கேட்கிறவர் அதை 8 பாகை 57 கலை என்று எழுதிக்கொண்டால், திருகோணமலைக்கு நேரே தேட வேண்டியவர்கள் ஏறக்குறைய 42 கிலோமீற்றர் வடக்கே, புல்மோட்டைப் பக்கம் தேடுவார்கள்.

சான்றிதழ் விஷயத்தில் இரண்டு குழப்பம். சுழியோடிச் சான்றிதழ் வைத்திருப்பவரை மீட்பாளர் என்று எண்ணிவிடுகிறோம். தொடக்கநிலைச் சுழியோடிக்குத் தன்னையும் கூட வருபவரையும் பார்த்துக்கொள்ளத்தான் பயிற்சி, மீட்புச் சுழியோடிக்குத் தனிப் பாடம் உண்டு. மற்றது, ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் போதும் என்பது. மேலே சொன்ன வெண்கலப் பதக்கக்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் திரும்பவும் செய்து காட்ட வேண்டும். நம்மில் பலருடைய தாள் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது.

பெண்களை "நீங்கள் தேநீர் பாருங்கள்" என்று ஒதுக்கிவைக்கிற குழுக்களும் இருக்கின்றன. ரேடியோ, பெயர்ப் பதிவு, முதலுதவி, கயிறு எறிதல் எதற்கும் கடலில் இறங்க வேண்டியதில்லை. மூதூரிலோ கிண்ணியாவிலோ தண்ணீரிலிருந்து தூக்கிவருவது ஒரு பெண்ணையோ மாணவியையோ என்றால், நெஞ்சில் கைவைக்க ஆண் தொண்டர் தயங்குகிற அந்தச் சில வினாடிகளை மிச்சப்படுத்தவும் பயிற்சி பெற்ற பெண்கள் கரையில் நிற்க வேண்டும்.