நெல்லில் கியூ.டி.எல். தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளைச்சல், வறட்சி தாங்குதல் போன்று அளந்து பார்க்கும் பண்பில் பங்குள்ள குரோமோசோம் பகுதியே கியூ.டி.எல். வறட்சி தாங்கும் மரபணுவைத் தேடிப் போய், பூக்கும் நாளை முடிவுசெய்யும் மரபணுவோடு திரும்புவது நெல் ஆய்வில் அடிக்கடி நடக்கிறது. தரவு எப்படி இருந்தாலும் மென்பொருள் ஏதோ ஒரு குரோமோசோமில் ஒரு முகட்டை, அதாவது பண்போடு தொடர்பு வலுவாகத் தெரியும் இடத்தைக் காட்டிவிடும். பிழையோ அதற்கு வெகுமுன்பே, இரு ரகங்களைக் கலப்புச் செய்யும்போதும் வயலிலும் புகுந்துவிடுகிறது.

நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். ஆண்மை நீக்கும்போது ஒரு மகரந்தப்பை தப்பினாலும் அந்தப் பூவில் விளையும் மணி தாய் ரகமாகவே முளைக்கலாம். முதல் தலைமுறைச் செடி ஒவ்வொன்றையும், பெற்றோரிடையே வேறுபடும் ஐந்தாறு எஸ்.எஸ்.ஆர். மார்க்கர்களால் (டி.என்.ஏ. அடையாளக் குறிகளால்) சோதியுங்கள். இரு பெற்றோரின் டி.என்.ஏ. பட்டைகளும் தெரியாத செடியை அப்போதே பிடுங்கிவிடுங்கள்.

கலப்பிலிருந்து பிரித்த நூறு வரிசைகள் (வழித்தோன்றல் குடும்பங்கள்) போதும் என்று நிறுத்துவது அடுத்த தவறு. சிறிய தொகுதியில், தற்செயலாகப் பெரிதாகத் தெரிந்த விளைவு மட்டுமே, உண்மை என ஏற்கும் வரம்பைத் தாண்டும். அதனால் பண்பின் வேறுபாட்டில் உண்மையில் 5 விழுக்காடு பங்குள்ள பகுதி 15 விழுக்காடு போலத் தோன்றும். வெள்ளத்தைத் தாங்கச் செய்யும் சப்1 என்ற பகுதி, 9-ஆம் குரோமோசோமில் தனித்து நின்று பண்பின் பெரும்பங்கைத் தீர்மானிக்கிறது. விளைச்சலிலும் வறட்சியிலும் அப்படிப்பட்ட ஒற்றைப் பகுதியை எதிர்பார்க்காதீர்கள். குறைந்தது 200 வரிசைகளாவது வையுங்கள். இரண்டாம் தலைமுறையிலிருந்து செடிக்கு ஒரு விதை எடுத்து ஏழாம் தலைமுறை வரை போனால், ஒவ்வோர் இடத்திலும் கலப்பு நிலை (இரு பெற்றோரின் மரபணு வடிவங்களும் சேர்ந்திருப்பது) சுமார் 1.6 விழுக்காடாகக் குறையும். இடையில் மெலிந்த செடி, பிந்திப் பூக்கும் செடி என்று கழிக்கக் கூடாது. கழித்தால் நீங்கள் தேடும் வேறுபாட்டையே கழித்துவிடுகிறீர்கள்.

அதிகம் ஏமாற்றுவது வறட்சிச் சோதனைதான். எல்லா வரிசைகளுக்கும் ஒரே நாளில் தண்ணீரை நிறுத்தினால், முந்திப் பூத்தவை அதற்குள் பால் பிடித்துத் தப்பிக்கும். கதிர் வெளிவரும் நிலையில் இருப்பவை பதராகும். கணக்கில் தெரிவது தப்பித்தல், தாங்குதல் அல்ல. 6-ஆம் குரோமோசோமில், பூக்கும் நாளை முடிவுசெய்யும் எச்.டி.1 மரபணு அருகே முகடு எழுந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பூக்கும் நாள்படி வரிசைகளைப் பிரித்து, விதைப்பைத் தள்ளித் தள்ளி வைத்து, எல்லாம் ஏறக்குறைய ஒரே வாரத்தில் பூக்கும்படி செய்யுங்கள். பாதிக் கதிர்கள் வெளிவந்த நாளையும் செடி உயரத்தையும் கட்டாயம் குறியுங்கள். 1-ஆம் குரோமோசோமில் உள்ள வறட்சிப் பகுதி கியூ.டி.டி.ஒய்.1.1, குட்டைத்தன்மைக்குரிய எஸ்.டி.1-க்கு மிக அருகில் இருக்கிறது. இவ்விரண்டின் இணைப்பு முறிந்த செடிகளைத் தேடிப் பிரித்த பிறகுதான், குட்டையாகவும் வறட்சி தாங்குவதாகவும் உள்ள வரிசைகள் கிடைத்தன.

உவர்ச் சோதனையில், உவர் தாங்கும் பொக்காளி ரகத்தையும் தாங்காத ஐ.ஆர். 29-ஐயும் ஒவ்வொரு தட்டிலும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். ஊட்டக் கரைசலின் மின்கடத்துதிறனை மீட்டருக்கு 12 டெசிசீமன்ஸ், பி.எச். 5 என்று நிறுத்தி நாள்தோறும் பாருங்கள். நீர் ஆவியானால் உப்பு ஏறிவிடும். ஐ.ஆர். 29 கருகும் கட்டத்தில் 1 (நன்றாக இருப்பது) முதல் 9 (மடிவது) வரையிலான மதிப்பெண்ணைக் கொடுங்கள். அது முழுதும் மடிந்த பிறகு கொடுத்தால் நடுத்தர வரிசைகளின் வேறுபாடு மறைந்துபோகும்.

மார்க்கர்களை வரிசைப்படுத்தும் மரபணு வரைபடத்தின் மொத்த நீளம் நெல்லுக்கு 1,500 சென்டிமார்கனை (மரபணுத் தொலைவின் அலகு) ஒட்டி வரும். 3,000 வந்தால் பட்டைகளைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்: ஒவ்வொரு தவறும் இரட்டைக் குறுக்கேற்றமாக (குரோமோசோம் துண்டுகள் இருமுறை இடம் மாறியதாக) கணக்காகி நீளத்தைக் கூட்டுகிறது. முகட்டின் வலுவைக் காட்டும் லாட் மதிப்புக்கு 3 என்ற வரம்பைக் கண்ணை மூடி வைக்காமல், பண்பின் தரவை வரிசைகளிடையே 1,000 முறை கலைத்துப் பார்த்து வரம்பை அமையுங்கள்.

முகட்டின் கீழே பிடித்தமான மரபணுவைச் சுட்டிக்காட்டும் அவசரமும் வேண்டாம். ஒரு சென்டிமார்கன் சராசரியாக 2.5 லட்சம் காரஇணைகள் (டி.என்.ஏ.வின் அடிப்படை இணைகள்). 20 சென்டிமார்கன் இடைவெளிக்குள் சில நூறு மரபணுக்கள் இருக்கும். இருபுற மார்க்கர்களுக்கு நடுவே குறுக்கேற்றம் நடந்த செடிகளைச் சேர்த்துப் பகுதியைச் சுருக்குங்கள். இன்னொரு ரகத்தில், இன்னொரு பருவத்தில் அதே விளைவு வருகிறதா என்று பார்த்த பிறகு மரபணுவின் பெயரைச் சொல்லலாம்.