உப்புக்காற்று வீசும் ஊரில் பழைய மேசைக் கணினியைப் பழுது பார்த்து ஓட்டும் முறை

தேவிபட்டினத்திலிருந்து மண்டபம், பாம்பன் வழியாகக் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரையுள்ள கடலோர ஊர்களில் நகல் எடுக்கும் கடை, மீன் கம்பெனி, மருந்துக்கடை என்று எங்கு சென்றாலும் பத்து ஆண்டுகளைக் கடந்த மேசைக் கணினிகள் இன்னும் வேலை செய்து கொண்டிருப்பதைக் காணலாம். அவற்றில் ஒன்று நின்றுவிட்டால் 'போர்டு போய்விட்டது, புதியது வாங்குங்கள்' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இந்தக் கரையில் நின்றுபோகும் கணினிகளில் முதலில் ஐயப்பட வேண்டியது எல்லாப் பாகங்களும் இணையும் பலகையான மதர்போர்டை அல்ல, அதன் மேல் படிந்திருக்கும் உப்பையும் ஈரத்தையும்தான். ஆகவே எதையும் விலைக்கு வாங்கும் முன் துடைப்பது, அதன் பிறகு மின்சாரத்தை அளப்பது, கடைசியாகத்தான் புதிய பாகம் சேர்ப்பது என்ற வரிசையில் இந்த விளக்கம் செல்கிறது. ஸ்க்ரூ டிரைவரை இதுவரை கையில் எடுக்காதவரும் பொறுமையாகச் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இதில் பெரும்பகுதியை முடித்துவிடலாம். ஈரம் காய்வதற்கு மட்டும் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

உப்பு உள்ளே செய்யும் வேலை

கடற்காற்றில் மிதந்து வரும் நுண்ணிய உப்பைக் கேபினட்டின் ஃபேன் நாள் முழுவதும் உள்ளே இழுக்கிறது. அது தூசியோடு கலந்து மதர்போர்டின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரைத் தானே இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசிய உப்புகளோ அதைவிட வெகு குறைந்த ஈரப்பதத்திலேயே கசிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அடுப்படி உப்புச் சாடி நீர்விடுவது போன்றே மதர்போர்டின் மேலுள்ள படிவமும் நீர்விடுகிறது, அந்த நீர் மின்சாரத்தைக் கடத்துகிறது. காலையில் உயிர் வராத கணினி வெயில் ஏறிய பிறகு ஒன்றுமே நடக்காதது போல் எழுந்து நின்றால், காரணம் பெரும்பாலும் இதுவே. நாட்பட்டால் செம்பு இணைப்புகளில் பச்சையும் இரும்புத் தகட்டில் துருவும் ஏறும்.

திறப்பதற்கு முன்

கணினி ஓரளவாவது இயங்குகிறது என்றால் முதல் வேலை, உள்ளிருக்கும் கோப்புகளை வேறொரு ஹார்ட் டிஸ்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுப்பது. கணக்குப் புத்தகமும் குடும்பப் படங்களும் கணினியைவிட மதிப்புள்ளவை. விண்டோஸில் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளை இயக்கினால் ஹார்ட் டிஸ்கின் உடல்நிலையை அது காட்டும். நீல நிறத்தில் 'குட்' என்று வந்தால் சரி, மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்று வந்தால் அந்த டிஸ்கை அன்றோடு நம்புவதை விட்டுவிட வேண்டும்.

தேவையான கருவிகள் சிலவே: ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், இரண்டு அங்குலப் பெயின்ட் பிரஷ், பழைய பல் துலக்கும் பிரஷ், பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பர், ஒரு மல்டிமீட்டர், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், கணினியின் முதன்மைச் சில்லான ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சிறிய டியூப்.

எல்லா வயர்களையும் பிடுங்குவதற்கு முன் பின்பக்கத்தையும், கேபினட்டைத் திறந்ததும் உட்புறத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின் வயரைக் கழற்றிய பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். உள்ளே கை வைக்கும் முன் கேபினட்டின் வெற்று உலோகத்தை ஒருமுறை தொட வேண்டும். உடலில் சேரும் நிலைமின்சாரத்தை இது இறக்கிவிடும். நமது ஈரக்காற்றில் அந்த ஆபத்து வறண்ட ஊர்களைவிடக் குறைவுதான் என்றாலும் பழக்கத்தை விட வேண்டாம்.

தூசியையும் உப்பையும் நீக்குதல்

கேபினட்டை வெளித்திண்ணைக்கு எடுத்துச் சென்று பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டுங்கள். புளோயர் இருந்தால் பயன்படுத்தலாம், ஆனால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுழல விட்டால் அதன் பேரிங் கெடும். கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதனுள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம், வயரைப் பிடுங்கிய பிறகும் தேங்கியிருக்கக்கூடும்.

தூசி நீங்கிய பின் மதர்போர்டை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெண்மையான பொருக்கோ பச்சைப் பூச்சோ தென்பட்டால், பலரும் நேராக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஊற்றித் துடைப்பார்கள். பார்ப்பதற்குச் சுத்தமாகிவிட்டது போலத் தெரியும்; ஆனால் உப்பு அந்தத் திரவத்தில் ஏறக்குறைய கரைவதே இல்லை, இடம் மாறிப் பரவுவதோடு சரி. உப்பைக் கரைக்க நீர்தான் வேண்டும், அதுவும் டிஸ்டில்டு வாட்டர். நம் ஊர்க் கிணற்று நீரும் போர் நீரும் தாமே உப்புக் கரிப்பவை என்பதால் அவற்றால் துடைப்பது வீண் வேலை.

இதற்கு மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியை முதலில் எடுத்துவிட வேண்டும். தற்காலிக நினைவகப் பட்டையான ராமையும் கழற்றி ஓரமாக வையுங்கள். பல் துலக்கும் பிரஷை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து உதறிவிட்டு, படிவம் உள்ள இடத்தில் மட்டும் மெதுவாகத் தேய்த்துப் பஞ்சு இல்லாத துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பின், அதே இடத்தை ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். இப்போது அதன் பணி, மூலை முடுக்கில் நிற்கும் நீரை வெளியேற்றி விரைவில் காயச் செய்வது. பிறகு நேர் வெயில் படாமல் மின்விசிறியின் கீழ் ஒரு முழு நாள் காயட்டும். மழை பிடித்திருந்தால் இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள், அவசரப்பட வேண்டாம். ப்ராசஸர் சாக்கெட்டின் உள்ளே பிரஷைக் கொண்டு போகாதீர்கள். இன்டெல் போர்டுகளில் அங்குள்ள முடி போன்ற ஊசிகள் ஒன்று வளைந்தாலும் போர்டு முடிந்தது. துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயும் கூடாது. அது விட்டுச்செல்லும் பிசுக்கு அடுத்த மாதத்துத் தூசியைக் கூட்டிப் பிடித்து வைக்கும்.

இணைப்புகளைத் துலக்குதல்

ஃபேன் சுழல்கிறது, பீப் ஒலி கேட்கிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் ராமின் தங்கநிறப் பற்களில் கறை ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளை ரப்பரால் அந்தப் பற்களை இருபுறமும் மெதுவாகத் தேய்த்து, ரப்பர்த் துகளை நன்கு துடைத்துவிட்டு, இரு முனைகளிலும் உள்ள கொக்கிகள் 'டிக்' என்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டுப் பார்த்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். ஹார்ட் டிஸ்கை இணைக்கும் சாட்டா கேபிள், மானிட்டர் கேபிள், மதர்போர்டுக்கு வரும் 24 பின் பிளக் ஆகியவற்றையும் நாலைந்து முறை செருகி எடுத்தாலே மேற்படிந்த கறை உராய்ந்து நீங்கும்.

மின்சாரத்தை அளத்தல்

எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறதா என்பதைத் திறக்காமலேயே அறியலாம். 24 பின் பிளக்கை மதர்போர்டிலிருந்து கழற்றி, அதிலுள்ள ஒரே பச்சை வயரின் துளையையும் ஏதேனும் ஒரு கறுப்பு வயரின் துளையையும் ஜெம் கிளிப்பால் இணைத்து, அதன் பிறகே மின்சாரம் கொடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் சுழல வேண்டும். சில பெட்டிகள் சுமை இல்லாமல் ஓடாது. அப்போது ஒரு பழைய ஹார்ட் டிஸ்கை இணைத்துப் பாருங்கள். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு வயரில் தொட்டால், மஞ்சள் வயர் 11.4 முதல் 12.6 வரையும் சிவப்பு வயர் 4.75 முதல் 5.25 வரையும் ஆரஞ்சு வயர் 3.14 முதல் 3.47 வரையும் காட்ட வேண்டும். இந்த எல்லையை மீறினால் பெட்டியை மாற்றுவதே முறை. எல்லைக்குள் இருந்தாலும் முழு நிம்மதி வேண்டாம், ஏனெனில் சுமை ஏறும்போதுதான் தளர்ந்த பெட்டி தன் குணத்தைக் காட்டும். கணினியை இயக்கிவிட்டு, நான்கு துளைகள் கொண்ட உபரி பவர் பிளக்கில் மஞ்சளையும் சிவப்பையும் மீண்டும் அளந்து பார்க்கலாம்.

கேபினட்டைத் தொட்டால் விரலில் சுரீரென்று ஏறுகிறதா? அது பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். கோளாறு அல்ல, வீட்டில் எர்த் இல்லை என்பதற்கான அடையாளம். கடற்கரை மணலில் கோடையில் மேல்மண் காய்ந்து எர்த் குழியின் கடத்தும் திறன் குறைந்துவிடும். இதை எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சரிசெய்யாமல் மேற்கொண்டு எந்தப் பாகத்துக்கும் பணம் செலவழிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சிறு பேட்டரி, ப்ராசஸர் ஃபேன்

கணினியில் தேதி ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்குப் போய்விட்டால் மதர்போர்டிலுள்ள 'சி.ஆர். 2032' பேட்டரி தீர்ந்துவிட்டது. புதியதில் 3 வோல்ட் இருக்கும், 2.7க்குக் கீழே இறங்கியதை மாற்றுங்கள். தேதி தவறினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் காலம் பொருந்தாமல் வங்கித் தளமும் அரசுத் தளமும் திறக்க மறுக்கும். இதை 'நெட் கோளாறு' என்று எண்ணி மோடத்தை மாற்றியவர்களும் உண்டு.

சற்று நேரம் ஓடியதும் தானாக அணைந்தால் பெரும்பாலும் ப்ராசஸர் சூடாகிறது. அதன் மேலுள்ள, சூட்டை இழுக்கும் உலோகப் பாகமான ஹீட் சிங்கைக் கழற்றி, காய்ந்த பேஸ்டை ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதிய பேஸ்டை நடுவில் வைத்து, நான்கு ஊசிகளையும் எதிரெதிர் மூலையாக அழுத்திப் பொருத்தினால் போதும்.

புதிய பாகம் சேர்த்தல்

இப்போதுதான் செலவு பற்றிப் பேசலாம். ஒரே ஒரு பாகம்தான் வாங்க முடியும் என்றால் அது, ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகச் சில்லுகளில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யாகவே இருக்கட்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி முள்ளை நகர்த்துவதிலேயே நேரத்தைக் கழிக்கிறது, எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே இல்லை. பழைய போர்டின் சாட்டா 2 இணைப்பு விநாடிக்கு ஏறத்தாழ 300 மெகாபைட்டுக்கு மேல் அனுமதிக்காது என்றாலும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். 240 ஜி.பி. கொண்ட இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. அலுவலக வேலைக்குப் போதும். பொருத்திய பின், கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரலான பயாஸில் சாட்டா முறை 'ஏ.எச்.சி.ஐ.' என்று இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். பழைய விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு இதை மாற்றினால் அது எழும்பாமல் போகலாம், ஆகையால் புதிதாக நிறுவும் போது மாற்றுவது நல்லது.

ராம் வாங்கும் முன் வகையை அறிந்துகொள்ளுங்கள். டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3 இரண்டுக்கும் 240 பின்கள்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்று மற்றொன்றின் இடத்தில் உட்காராது, அழுத்தினால் ஸ்லாட் உடையும். 'ஜி 31' சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) உள்ள போர்டுகள் 4 ஜி.பி.க்கு மேல் ஏற்காது. 'எச் 61' போர்டுகள் 16 ஜி.பி. வரை ஏற்கும். ஆகவே ஜி 31 வகைக் கணினிக்கு எஸ்.எஸ்.டி. ஒன்றோடு நிறுத்திக்கொள்வதும் எச் 61 வகைக்கு 8 ஜி.பி. வரை உயர்த்துவதும் தகும். பழைய கிராபிக்ஸ் கார்டைத் தேடி வாங்குவது, அதிகச் சூட்டையும் மின்கட்டணத்தையும் சேர்த்து வாங்குவதாகும்.

எந்த இயங்குதளம்?

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் எட்டாம் அல்லது அதற்குப் பிந்தைய தலைமுறை ப்ராசஸரையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. நாம் பேசும் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது எட்டாது. இணையம், கடிதம், அச்சிடுதல் ஆகியவற்றுக்கு மட்டுமே பயன்படும் கணினிக்கு, இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டின் 'எக்ஸ்.எஃப்.சி.இ.' என்ற இலகுவான பதிப்பைப் பரிந்துரைக்கிறேன். 2 ஜி.பி. ராமில் எழும்பும், 4 ஜி.பி.யில் இயல்பாக ஓடும். 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு, தமிழ் 99 விசைப்பலகையும் கிடைக்கும். பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்த்து, உங்கள் பிரிண்டரும் நெட்டும் வேலை செய்கின்றனவா என்று சோதித்த பிறகு நிறுவுங்கள். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளையோ கைரேகைக் கருவியையோ நம்பித் தொழில் செய்பவர்கள், அதை விற்றவரிடம் லினக்ஸில் ஓடுமா என்று கேட்காமல் மாறக் கூடாது.

வைக்கும் இடம்

பாம்பன், மண்டபம் பகுதியில் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடா பக்கமிருந்தும், வாடைக் காலத்தில் பாக் விரிகுடாப் பக்கமிருந்தும் உப்பு வரும். ஆகவே எந்தக் கடலையும் நேரே பார்க்காத சுவரை ஒட்டி, தரையிலிருந்து ஓரடியேனும் உயர்த்திக் கேபினட்டை வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டி வைக்கும், பருத்தித் துணி போதும், அதுவும் சூடு ஆறிய பிறகு. மழை மாதங்களில் வேலை இல்லாவிட்டாலும் நாள்தோறும் சிறிது நேரம் இயக்கினால் அந்த வெப்பமே ஈரத்தை விரட்டும்.

இத்தனைக்கும் பிறகு, ப்ராசஸர் சாக்கெட்டைச் சுற்றிப் பச்சை ஏறி இணைப்புக் கோடுகள் அரித்திருந்தாலோ, கெப்பாசிட்டர்களின் தலை உப்பிப் பழுப்பு நீர் கசிந்திருந்தாலோ, அந்த மதர்போர்டை விட்டுவிடலாம். எஸ்.எஸ்.டி., நல்ல எஸ்.எம்.பி.எஸ்., ராம் ஆகியவற்றைக் கழற்றி, அதே வகை ராம் ஏற்கும் வேறொரு பழைய கணினிக்கு மாற்றுங்கள். லினக்ஸ் நிறுவிய எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் புதிய போர்டில் அப்படியே எழும்பிவிடும். விண்டோஸ் என்றால் உரிமத்தை மீண்டும் உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்கும்.