கட்டுரையைக் காதால் படிக்க: முதலில் குரல், அப்புறம்தான் செயலி

அம்மாவுக்குக் கண் அழுத்த நோய். பத்து வரி படிப்பதற்குள் கண் வலிக்கிறது என்று பத்திரிகையை மடித்து வைக்க ஆரம்பித்த பிறகுதான், எழுத்தை வாசித்துக் காட்டும் செயலிகளை ஒவ்வொன்றாகப் போனில் போட்டுப் பார்த்தேன். அவசரத்தில் ஒன்றுக்கு ஒரு வருடச் சந்தாவே கட்டிவிட்டேன். ஆங்கிலத்தை ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி வாசித்த அது, தமிழைக் கண்டதும் எழுத்தெழுத்தாக உடைத்தது. பணம் போனதைவிட, ஆசையாகக் கேட்க உட்கார்ந்த அம்மா ஐந்தே நிமிடத்தில் எழுந்து போனதுதான் வருத்தம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதில் மாட்டக்கூடாது.

ஒரு விஷயம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. இலவசச் செயலிகள் பலவற்றுக்குச் சொந்தக் குரலே கிடையாது. பக்கத்திலிருந்து விளம்பரம், மெனு எல்லாவற்றையும் கழித்துவிட்டுக் கட்டுரையை மட்டும் எடுத்து, போனில் ஏற்கெனவே இருக்கும் குரல் எஞ்சினிடம், அதாவது எழுத்தைப் பேச்சாக மாற்றும் மென்பொருளிடம், கொடுப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. அதனால்தான் ஒரே போனில் மூன்று செயலிகளை மாற்றிப் போட்டாலும் மூன்றும் ஒரே மாதிரி பேசும்.

படி 1: போனில் தமிழ்க் குரலை இறக்குங்கள்

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்று தட்டுங்கள். கூகுளின் எஞ்சினைத் தேர்ந்தெடுத்து, பக்கத்திலுள்ள சக்கரக் குறிக்குள் போனால் குரல் தரவை இறக்கும் இடம் வரும். அங்கே தமிழை இறக்கிக்கொள்ளுங்கள், அப்புறம் நெட் இல்லாமலும் வாசிக்கும். ஐபோனில் அக்சஸிபிலிட்டிக்குள் 'ஸ்பீக் ஸ்க்ரீன்' வசதியை ஆன் செய்துவிட்டு, கட்டுரை திறந்திருக்கும்போது மேலிருந்து கீழாக இரண்டு விரலால் இழுத்தால் போதும்.

படி 2: ஒரு சோதனைப் பத்தியை வைத்துக்கொள்ளுங்கள்

இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். விளம்பரத்தில் வரும் மாதிரிக் குரலை நம்பாதீர்கள். நான் எந்தச் செயலிக்கும் முதலில் கொடுப்பது இதைத்தான்:

"பாரதியார் 1908-ல் பாண்டிச்சேரிக்குப் போனார். சென்னையிலிருந்து சுமார் 150 கி.மீ. தூரம். புத்தகத்தின் விலை ரூ.1,250."

பாரதியாருக்கும் பாண்டிச்சேரிக்கும் எழுத்தில் ஒரே 'பா'தான், ஆனால் வாயில் இரண்டும் வேறு. நமக்குப் பழக்கத்தில் வந்துவிடுகிறது, இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால்தான் வரும். 'பாவம்' என்ற சொல்லில் இது இன்னும் சிக்கல். இரக்கப்பட்டுச் சொல்கிறோமா, முகபாவத்தைச் சொல்கிறோமா என்பது இடம் பார்த்துத்தான் தெரியும். அடுத்து, 1908-க்குப் பின்னால் வரும் 'ல்' ஒழுங்காக ஒட்டுகிறதா, இல்லை நடுவில் இருக்கும் கோட்டையும் சேர்த்து வாசிக்கிறதா? 'கி.மீ.'யில் புள்ளியைப் பார்த்ததும் வாக்கியம் முடிந்துவிட்டது என்று மூச்சு விடுகிறதா? 'ரூ.' ரூபாய் ஆகிறதா, வெறும் 'ரூ' என்று நிற்கிறதா? நான்கில் மூன்று சரியாக வந்தால் ஒரு நீளக் கட்டுரையைத் தாராளமாக நம்பிக் கேட்கலாம்.

படி 3: கம்ப்யூட்டர் இருந்தால் எட்ஜில் கேட்டுப் பாருங்கள்

மைக்ரோசாஃப்ட் எட்ஜ் பிரவுசரில் கட்டுரையைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வாசிக்கத் தொடங்கும். குரல் பட்டியலில் இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு பேர். இலங்கைத் தமிழுக்குச் சரண்யாவும் குமாரும், சிங்கப்பூருக்கு வெண்பாவும் அன்பும், மலேசியாவுக்குக் கனியும் சூர்யாவும் உண்டு. பணம் எதுவும் கட்ட வேண்டாம். இவை ஆன்லைன் குரல்கள் என்பதால் நெட் வேண்டும், அது ஒன்றுதான் குறை. போனிலுள்ள எட்ஜிலும் இதே 'ரீட் அலவுட்' இருக்கிறது. என் காதுக்குப் பல்லவிதான் இதமாக இருந்தது, அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டார்.

படி 4: சேர்த்து வைத்துக் கேட்க ஒரு செயலி

பஸ்ஸில் போகும்போது நான்கைந்து கட்டுரைகளை வரிசையாகக் கேட்க வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டில் வாய்ஸ் அலவுட் ரீடரைப் போடுங்கள், பெயருக்கு முன்னால் @ குறி இருக்கும். பிரவுசரில் 'ஷேர்' அழுத்தி இதைத் தேர்ந்தெடுத்தால் கட்டுரை வரிசையில் சேர்ந்துவிடும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, தப்பாக வாசிக்கும் சொல்லை நாமே திருத்தலாம். 'கி.மீ.' வந்தால் 'கிலோமீட்டர்' என்று வாசி என ஒருமுறை எழுதிவிட்டால் அதற்குப் பிறகு அந்தத் தொல்லையே இல்லை.

வாசித்துக்கொண்டிருக்கும்போதே திரையை அணைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டால் அது செயலியின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை, போன் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறது என்று அர்த்தம். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

சேமித்த இணைப்புகளை வேறு எங்காவது ஒரு பிரதி வைப்பதும் முக்கியம். கட்டுரைகளைச் சேர்த்து வைத்துக் கேட்கவும் வசதி தந்த பாக்கெட் செயலியை, அதை நடத்திய மொஸில்லா நிறுவனம் 2025 ஜூலை 8 அன்று மூடிவிட்டது. அதற்கு முன்பே, 2024 நவம்பரில், அதே மாதிரியான ஆம்னிவோர் செயலியும் நின்றுபோனது.

படி 5: பிடிஎஃப் மட்டும் தனி

பழைய பிடிஎஃப் ஒன்றைக் கொடுத்ததும் செயலி ஏதோ அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளை வாசித்தால் குரலை மாற்றிப் பயன் இல்லை. அந்தக் கோப்பு பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் இருக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்தை நகலெடுத்து, பழைய எழுத்துருவை இன்றைய பொதுவான யூனிகோட் தமிழாக மாற்றித் தரும் ஒரு மாற்றியில் போட்டு எடுத்தால் சரியாகிவிடும். ஸ்கேன் செய்த புத்தகம் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறவுங்கள். படத்திலிருந்து தமிழைப் பிரித்துக் கொடுக்கும். நீளமான புத்தகத்தைச் சிறு சிறு பகுதியாக ஏற்றுவது நல்லது, ஒவ்வொரு பகுதியிலும் முதல் பக்கத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். ர இருக்க வேண்டிய இடத்தில் ா, ா இருக்க வேண்டிய இடத்தில் ர என்று மாறிக் கிடக்கலாம்.

வேகத்தைப் பொறுத்தவரை நான் 1.2-ல் கேட்கிறேன், அம்மாவுக்கு 0.9. அவர் கேட்கும்போது அதை யாரும் மாற்றுவதில்லை.