மூக்கில் தையல் போடாத புண் எனக்கு ஆறிய விதம்

மூக்கு மடிப்பில் புடைத்திருந்த மச்சத்தை வெட்டியெடுத்தபின் டாக்டர் தையல் போடவில்லை, குழிவான இடத்தில் சின்னப் புண் என்றால் அடியிலிருந்து சதை வளர்ந்து தானாகவே நன்றாக மூடிக்கொள்ளும் என்றார். அப்படியேதான் ஆனது. தினமும் சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, ஒற்றியெடுத்து, வாசலின் தாராளமாகத் தடவி, மேலே ஒட்டாத கட்டு, அவ்வளவுதான் வேலை. காயவிட்டால்தான் ஆறும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், ஆனால் ஈரமாக வைத்த புண் சீக்கிரம் மூடுகிறது என்று 1962லேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றித் தோலில் காட்டிவிட்டார். காய்ந்த பொருக்குக்கு அடியில் வழி தேடாமல் புதுத் தோல் செல்கள் நேராக நகர முடிகிறது. மஞ்சள் பொடியெல்லாம் வேண்டாம்.

நடுவில் குழிக்குள் மஞ்சளாக ஒரு படலம் படியும். பெரும்பாலும் அது சீழ் இல்லை, ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்ற புரதம், சுரண்டாதீர்கள். அப்புறம் சிவப்பாக, பொடிப்பொடியாகச் சதை எழும்பி, ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் உள்நோக்கி வரும், கண்ணாடியில் பார்க்கவே நிம்மதியாக இருந்தது. வலி கூடினால், சிவப்பு பரவினால், நாற்றம் அடித்தால், காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். புண் முழுக்க மூடியபின் வெயிலில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் கட்டாயம், இல்லாவிட்டால் நம் நிறத்துக்குத் தழும்பு கறுத்துவிடும். எடுத்த துண்டை பயாப்ஸிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு, அனுப்பினார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.