உடையாளூர் சமாதி: ஊர்க்கதையைக் கல்வெட்டோடு ஒத்துப்பார்ப்பது எப்படி?

கும்பகோணம் பக்கம் உடையாளூரில் ஒரு சாய்ந்த சிவலிங்கத்தைக் காட்டி, "முதலாம் ராஜராஜன் சமாதி இதுதான்" என்பார்கள். இது எவ்வளவு உண்மை என்று தேடியபோது நான் போன வழி இது.

படி 1: கதையை உடையுங்கள். மன்னன் இங்கே இறந்தார், இங்கே அடக்கமானார், மேலே கோயில் எழுந்தது. மூன்றுக்கும் தனித்தனிச் சான்று வேண்டும்.

படி 2: கல்வெட்டின் மூல வாசகத்தைப் பிடியுங்கள். இங்கே ஆதாரம், பால்குளத்து அம்மன் கோயில் தூணில் உள்ள கல்வெட்டு. காணொளிகளை நான் ஏற்பதில்லை; அச்சிட்ட வாசகம்தான். பழைய கல்வெட்டுத் தொகுதிகளின் ஸ்கேன் பிரதிகளில் தமிழ்ச் சொல் தேடல் பெரும்பாலும் வேலை செய்யாது, ஊர்ப்பெயர் அட்டவணையை விரலால்தான் தடவ வேண்டும்.

படி 3: ஆண்டைக் கணக்கிடுங்கள். இந்தக் கல்வெட்டு, பிற்காலச் சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கனின் 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பட்டமேற்றது 1070, அந்த ஆண்டையும் சேர்த்தே எண்ணுவதால் 1111–12. ராஜராஜன் மறைந்தது 1014. ஏறக்குறைய நூறாண்டு இடைவெளி.

படி 4: சொற்களை அந்தக் காலத்துப் பொருளில் படியுங்கள். நான் மாதக்கணக்கில் தடுக்கி நின்றது இங்கேதான். "எழுந்தருளி நின்ற ஸ்ரீராஜராஜ தேவரான ஸ்ரீசிவபாதசேகர தேவர் திருமாளிகை" என்று வருகிறது. சிவபாதசேகரன் ராஜராஜனின் பட்டப்பெயர். அதைப் பார்த்ததும் சமாதி உறுதியாகிவிட்டது என்றே நினைத்தேன். முழு வாசகத்தையும் நிதானமாகப் படித்தால், பழுதான முன்மண்டபத்தைப் புதுப்பித்த செய்திதான் அது. 'எழுந்தருளி நின்ற' என்பது கோயிலில் உள்ள திருமேனிகளுக்கு, அதாவது சிலைகளுக்குச் சொல்வது. மன்னனின் படிமம் அங்கே இருந்திருக்கலாம். அடக்கம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

படி 5: உறுதியான ஒன்றோடு ஒப்பிடுங்கள். பக்கத்துப் பழையாறையில் ராஜராஜனின் தேவி பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரன் எடுத்த கோயிலைக் கல்வெட்டே 'பள்ளிப்படை', அதாவது இறந்தவரை அடக்கம் செய்த இடத்தில் எழுப்பிய கோயில், என்கிறது. மேல்பாடியில் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு ராஜராஜன் எடுத்த கோயிலின் கல்வெட்டு, அரிஞ்சயன் ஆற்றூரில் துஞ்சியதையும் (இறந்ததையும்) சொல்லிவிடுகிறது. சோழர்கள் இதை மறைத்து எழுதியவர்கள் அல்லர். அதனால்தான் உடையாளூரின் மௌனத்துக்கு எடை கூடுகிறது.

பின்சேர்க்கை: "கல்வெட்டில் ஊரே சிவபாதசேகரமங்கலம்தானே, அது போதாதா?" என்று சிலர் கேட்டார்கள். போதாது. மன்னர் உயிரோடிருக்கும்போதே அவர் பட்டப்பெயரை ஊருக்கு வைப்பது சோழர் வழக்கம்.

2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இங்கே ஆய்வு நடத்தச் சொன்னது. அந்தச் செய்தியை மட்டும் வைத்து, சமாதி நிரூபணமானது என்று பகிராதீர்கள். ஆய்வுக்கு உத்தரவிடுவது வேறு, ஆய்வு சான்று தருவது வேறு.