மழைநீர்க் குளத்தை ஆழமாக்கி என்ன பயன்?

குளம் என்றாலே தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும் என்று நமக்குப் பழகிவிட்டது. நகரத்து வெள்ளத்தைத் தாங்க வெட்டிய குளத்துக்கு இது தலைகீழ். அடிக்கிற மழையை வாங்கிக்கொண்டு, சின்ன வாய் வழியாக மெல்ல வெளியே விட்டு, இரண்டு மூன்று நாளில் அடுத்த மழைக்கு இடம் காலி பண்ணி வைப்பதுதான் அதன் வேலை.

இது புரியாமல் செய்கிற பெரிய தவறு, மேம்படுத்துகிறோம் என்று அடியைத் தோண்டிக்கொண்டே போவது. வெளியேறும் குழாயின் மட்டத்துக்குக் கீழே எத்தனை அடி தோண்டினாலும் அந்தப் பள்ளம் ஒரு நல்ல மழையில் நிரம்பி அப்படியே நின்றுவிடும், அடுத்த வெள்ளத்துக்கு அங்கே ஒரு குடம் இடம்கூட இருக்காது. கணக்கில் வருவது குழாய்க்கு மேலே, கலங்கலுக்குக் (மிகுநீர் வழிந்தோடும் இடம்) கீழே உள்ள இடம் மட்டும்தான். அதைக் கூட்டப் பக்கவாட்டில் அகலப்படுத்தலாம். கரையை உயர்த்தலாம்தான், ஆனால் அது அணை கட்டுகிற மாதிரி வேலை, மண் பரிசோதனை இல்லாமல் தொடக்கூடாது.

அடுத்தது, அடிக்கடி அடைக்கிறதே என்று வெளிவாயைப் பெரிதாக்குவது. பழைய குளங்கள் பலவும் பெருமழையை மட்டும் மனதில் வைத்துக் கட்டியவை; சிறுமழைத் தண்ணீர் குளத்தில் நிற்காமல் ஓடிவிடும், சாலை எண்ணெயும் அழுக்கும் பெரும்பாலும் அந்தச் சிறுமழைகளில்தான் வருகின்றன. அந்த அழுக்கு குளத்தில் தங்கிப் படிய, உண்மையில் கீழ்வாயைத் தகடு வைத்துச் சுருக்க வேண்டும், பெருவெள்ளத்துக்கு மேலே தனி வாய். சுருக்கினால் நீர்மட்டம் ஏறும், ஆகவே கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். குப்பையைத் தடுக்கும் கம்பியையும் வாயோடு ஒட்டி வைக்காமல், அதைவிடப் பல மடங்கு பெரிதாகச் சாய்த்து வையுங்கள். அப்புறம் ஒன்று: தண்ணீர் ஓடும்போது யாரையும் இறக்கி அதைச் சுத்தம் செய்யச் சொல்லாதீர்கள், இழுவிசை ஆளைக் கம்பியோடு அழுத்திவிடும்.

வரத்தும் போக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் குறுக்கே ஓடிப் போய்விடும், குளத்தின் பாதி சும்மா கிடக்கும். நீரோட்டப் பாதை அகலத்தைப் போல 3 மடங்காவது நீளமாக இருக்கட்டும். இடமில்லையென்றால் நடுவில் ஒரு குறுக்குக் கரை போதும்.

கரையில் மரம் வைப்பது பார்க்க அழகு. பட்டுப்போன பிறகு வேர் மக்கி, அந்த ஓட்டை வழியே நீர் கசிந்து மண்ணை அரிக்கும். வெட்டிவிட்டு அடிமரத்தை அப்படியே விடுவதும் அதே ஆபத்துதான், வேரை எடுத்துக் களிமண் போட்டு இறுக்க வேண்டும். கரைக்குப் புல்தான் சரி.

கொசு வந்தால் மருந்து அடிக்கிறார்கள். வறண்டு கிடக்க வேண்டிய குளத்தில் 3 நாளுக்கு மேல் தண்ணீர் நின்றால் முதலில் வாய் அடைத்திருக்கிறதா பாருங்கள்.

வண்டலுக்கு நுழைவாயிலிலேயே ஒரு சின்னத் தொட்டிக்குளம் வைத்து, அளவுகோல் நட்டு, பாதி நிரம்பியதும் வாரிவிட்டால் முழுக்குளத்தையும் தூர்வாருகிற நாள் தள்ளிப்போகும். வாரிய மண் கறுப்பாக, வளமாகத் தெரியும். அதில் ஈயம், துத்தநாகம், எண்ணெய் எல்லாம் இருக்கலாம், சோதிக்காமல் எந்தத் தோட்டத்துக்கும் கொடுக்காதீர்கள்.